பிழைதிருத்தம் பின்னால் வரும்

குடை வாங்குவதற்காக ஒருவர் கடைத்தெருவுக்குப் போகிறார். கடைக்காரர் குடையை உறையிலிட்டுக் கொடுக்கிறார். காசையும் எண்ணி வாங்கிக்கொள்கிறார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் கைப்பிடி இருக்கிறது, துணி இருக்கிறது, கம்பிகளைக் காணோம். திரும்பிப் போய்க் கேட்டால், "கம்பி செய்துகொண்டிருக்கிறோம் ஐயா, மாரி தொடங்குமுன் தந்துவிடுவோம். தாங்களே வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்" என்கிறார். இப்படியொரு கடை நம்மூர் மத்திய வீதியில் இருந்தால் எத்தனை நாள் திறந்திருக்கும்?

ஆயினும் உலகத்தில் ஒரு பெரிய வியாபாரம் ஏறக்குறைய இம்முறையிலேதான் நடைபெற்று வருகிறது. அதுதான் கணினி விளையாட்டு வியாபாரம். "விளையாட்டுத்தானே!" என்று இப்பத்தியைத் தாண்டிச் செல்ல எண்ணும் பெரியோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். பிள்ளைகள் உள்ள வீடாயின் இவ்விஷயம் என்றாவது ஒருநாள் அவர்கள் வாசலுக்கும் வரும். என் வீட்டு வாசலுக்கு அது மோட்டார் சைக்கிளில் வந்தது.

சென்ற ஆடி அமாவாசையை ஒட்டி, என் தங்கையின் கணவருடைய தம்பி ரொறன்ரோவிலிருந்து குடும்பத்துடன் வந்திருந்தார். மூன்று கிழமை விடுமுறை. அண்ணன் மகனுக்கென்று அவர் கொண்டுவந்த பரிசு, தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் விளையாட்டுப் பெட்டி ஒன்றும், அதில் இட்டு ஆடுவதற்கு மோட்டார்ப் பந்தய விளையாட்டுத் தட்டு ஒன்றும். பெட்டி பழையது, அவருடைய பிள்ளைகள் ஆடிக் கழித்தது. தட்டு மட்டும் புத்தம் புதியது. பையனுக்கு வயது பதினான்கு. சித்தப்பாவும் அவனும் ஒரே திரையில் இரண்டு கார்களை ஓட்டிப் பந்தயம் விடுவது என்று மூன்று மாதத்துக்கு முன்பே தொலைபேசியில் பேசி முடிவாகியிருந்தது.

உட்துறைமுகத்துக்கு அண்மையில் உள்ள தங்கை வீட்டில், வந்த இரண்டாம் நாள் மாலை, எல்லோரும் கூடியிருந்து தட்டைப் பெட்டிக்குள் தள்ளினோம். விளையாட்டின் பெயர் வந்தது, இசை வந்தது, பின்னர் ஓர் அறிவித்தல் வந்தது. இத்தட்டில் உள்ளது போதாது, மேலும் 42 ஜிபி இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இக்கணக்கு விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: கைத்தொலைபேசியில் பார்க்கும் தரத்தில் ஒரு முழுநீளத் திரைப்படம் 1 ஜிபி அளவில் அடங்கிவிடும். தங்கை வீட்டிலோ கம்பி வழி இணையம் கிடையாது. காசு கட்டி வாங்கும் கைத்தொலைபேசி டேட்டாதான் உண்டு. அந்த 42 ஜிபியை இறக்குவதென்றால் அவ்வீட்டின் இரண்டு மாதச் செலவு ஓர் இரவில் போய்விடும்.

பையன் ஒன்றும் பேசவில்லை. சித்தப்பா வெட்கப்பட்டவர் போல நின்றார். தங்கைதான் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணா, முழுசாச் செய்து முடிக்காத சாமானை ஏன் காசுக்கு வித்தவங்கள்?"

"இப்ப எல்லாம் அப்படித்தான். பிழைதிருத்தம் பின்னால வரும்" என்று நான் சட்டென்று சொல்லிவிட்டேன். ஏதோ அறிந்தவன்போலச் சொன்ன அந்த மறுமொழி அன்று முதல் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

பிழைதிருத்தம் என்னும் சொல் அச்சுத் தொழிலுக்குரியது. பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு பக்கம் இருக்கும். இன்ன பக்கத்தில் இன்ன வரியில் இன்ன சொல்லை இப்படி வாசிக்க என்று நிரல்படப் போட்டிருப்பார்கள். என் தகப்பனார் புத்தகம் வாங்கினால் முதலில் அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் திறப்பார். கூராகச் சீவிய பென்சிலை எடுத்து, பக்கம் பக்கமாகப் போய்த் திருத்தங்களை உரிய இடத்தில் எழுதிய பின்புதான் வாசிக்க உட்காருவார். இது பெரிய வேலை என்று அவர் ஒருபோதும் முறையிட்டதில்லை. ஏனெனில், திருத்தம் புத்தகத்துடன் சேர்ந்தே கட்டப்பட்டிருந்தது. வாங்கியவனுக்கு முழுவதும் ஒரே நாளில் கைக்கு வந்தது. அச்சகம் பூட்டப்பட்டாலும், பதிப்பித்தவர் காலஞ்சென்றாலும், அப்பக்கம் அலுமாரியில் இருந்துகொண்டே இருக்கும்.

அப்படியொரு பக்கமே வேண்டாதபடி அச்சிட முயன்றவர்களும் நம்மிடையே இருந்தார்கள். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் நிறுவிய ஆறுமுக நாவலர் (1822-1879) தம் பதிப்புகளின் சுத்தத்துக்காகவே பெயர் பெற்றவர். 'நாவலர் பதிப்பு' என்றால் நம்பி வாங்கலாம் என்ற பேச்சு இருந்தது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்து அடித்த காலம் அது. அடித்த தாளைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே அடிக்குமுன் பார்த்தார்கள்.

கணினி விளையாட்டும் தொடக்கத்தில் ஈய எழுத்துப் போலத்தான் இருந்தது. எண்பதுகளில் விளையாட்டுகள் கைக்கடக்கமான பிளாஸ்டிக் கட்டைகளில் வந்தன. உள்ளே இருந்த சில்லில் ஒருமுறை பதித்ததை மாற்ற வழியில்லை. பிழை இருந்தால் அது கட்டையின் ஆயுள் முழுவதும் இருக்கும். இந்தப் பிழைக்கு ஆங்கிலேயர் 'பக்' என்று பூச்சியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1947 இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறி ஒன்றுக்குள் மெய்யாகவே ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டு, அதைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள் என்பது பிரசித்தம். சொல் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. பூச்சி அரித்த இடத்தில் வைக்கும் ஒட்டுத்துணிதான் 'பாட்ச்'. நம் தையற்காரர் 'ஒட்டுப்போடுதல்' என்பதும் அதுவே.

பிழையான கட்டையை விற்றால் என்ன நேரும் என்பதற்கு அக்காலத்து உதாரணம் அட்டாரிக் கொம்பனியின் 'ஈ.டி.' விளையாட்டு. ஸ்பீல்பேர்க்கின் படம் 1982 இல் உலகமெங்கும் ஓடியது. நத்தார் வியாபாரத்தைத் தவறவிடக் கூடாதென்று, ஹவார்ட் ஸ்கொட் வார்ஷோ என்னும் நிரலாளரிடம் ஐந்தே கிழமைகளில் விளையாட்டைச் செய்து முடிக்கச் சொன்னார்கள். அவரும் முடித்தார். விளையாடிய பிள்ளைகளின் பாத்திரம் அடிக்கடி குழிகளுள் விழுந்தது. ஏறினால் மறுபடி விழுந்தது. விற்காமல் தேங்கிய கட்டைகளை வேறு சரக்குகளோடு 1983 இல் நியூ மெக்சிக்கோவின் அலமொகோர்டோ என்ற ஊரில் குப்பை மேட்டில் புதைத்தார்கள். கதையா மெய்யா என்று முப்பது வருடம் வாதாடிவிட்டு 2014 இல் தோண்டிப் பார்த்தபோது, கட்டைகள் வெளியே வந்தன. பிழைக்குத் தண்டனை அன்று விற்றவனுக்கே கிடைத்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

2005, 2006 ஆம் ஆண்டுகளில் வந்த பெட்டிகளில் இணையத் தொடர்பு வழக்கமாயிற்று. தரவைச் சேமித்து வைக்கும் வன்தட்டும் பெருகிற்று. திருத்தத்தை வீட்டுக்கே அனுப்பலாம் என்றாயிற்று. நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. நூறு பேர் ஒரு வருடம் சோதித்துக் காணாத பிழையை, பத்து இலட்சம் பேர் ஒரே நாளில் ஆடும்போது காண்பது இயல்பு. ஆயின் மனித மனம் விந்தையானது. பின்னால் திருத்தலாம் என்ற வசதி கிடைத்ததும், பின்னால் திருத்திக்கொள்வோம் என்ற துணிவு வந்தது. தட்டு அச்சுக்குப் போகும் நாளை அத்தொழிலில் 'தங்கமாயிற்று' என்று கொண்டாடுவார்கள். தட்டு தங்கமான மறுநாளே எல்லோரும் உட்கார்ந்து முதல் நாள் திருத்தத்தைத் தயாரிக்கத் தொடங்குவார்கள். இது என்ன தங்கமோ, தட்டான்தான் சொல்ல வேண்டும்.

2015 இல் வெளிவந்த 'டோனி ஹோக்ஸ் புரோ ஸ்கேட்டர் 5' என்ற சறுக்குப்பலகை விளையாட்டு இதன் எல்லையைக் காட்டிற்று. தட்டில் இருந்தது 4.6 ஜிபி, முதல் நாள் திருத்தம் 7.7 ஜிபி. திருத்தத்தை இறக்காமல் ஆடினால், பயிற்சிப் பகுதியும் சறுக்குமைதானம் கட்டும் பகுதியும் தவிர வேறொன்றும் கிடையாது. சட்டையைவிட ஒட்டுத்துணி பெரிதாக இருந்தது.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய கதை 'சைபர்பங்க் 2077'. போலந்து தேசத்துச் சிடி புரொஜெக்ட் கொம்பனி 2012 இல் அறிவித்த விளையாட்டு அது. ஹொலிவூட் நடிகர் கியானு ரீவ்ஸின் உருவமும் குரலும் அதில் வருகின்றன. 2020 ஏப்ரலில் வெளியாகும் என்றார்கள், செப்டெம்பர் என்றார்கள், நவம்பர் என்றார்கள், ஈற்றில் டிசம்பர் 10 அன்று வெளியிட்டார்கள். நாட்டிலே புதுப் பெட்டிகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. பெரும்பாலான வீடுகளில் பழைய பெட்டிகளே இருந்தன. அவற்றில் இவ்விளையாட்டு மனித முகங்களைக் களிமண்போலக் காட்டிற்று. திடீர் திடீரென்று நின்றது. வெளியீட்டுக்குமுன் விமர்சகர்களுக்குக் கணினியில் ஆடும் பிரதி மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தது. பழைய பெட்டியில் எப்படி ஓடும் என்பதை வாங்கியவனே முதன்முதலில் கண்டான். ஒரு வாரம் கழிந்ததும் சோனி கொம்பனி தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்து அதை அகற்றிவிட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அதற்குள் உலகெங்கும் 1 கோடியே 30 இலட்சம் பிரதிகள் விற்றிருந்தன. பழைய பெட்டிகளுக்கு இன்னும் அவகாசம் வேண்டும் என்ற அறிகுறிகளைத் தாங்கள் பொருட்படுத்தவில்லை என்று கொம்பனித் தலைவரே பங்குதாரர்களிடம் பின்னர் ஒப்புக்கொண்டார்.

இந்த ஒப்புதலைப் படித்தபோது எனக்கு வாசா நினைவுக்கு வந்தது. துறைமுகத்து ஊரில் பிறந்தவனுக்குக் கப்பல்கள் நினைவுக்கு வருவது அதிசயமன்று. சுவீடன் தேசத்து அரசனுக்காகக் கட்டிய போர்க்கப்பல் வாசா. அது கரையில் நின்றபோதே சோதனை நடந்தது: முப்பது மாலுமிகள் மேல்தட்டில் பக்கத்துக்குப் பக்கம் சேர்ந்து ஓட வேண்டும். மூன்று முறை ஓடியதும் கப்பல் கவிழ்ந்துவிடும்போல ஆடியது. கூட இருந்த கடற்படை அதிகாரி சோதனையை நிறுத்தச் சொன்னார். கப்பலை நிறுத்தச் சொல்லவில்லை. அரசனோ தூரத்தில் இருந்துகொண்டு அவசரப்படுத்தினான். 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டொக்ஹோமில் பாய் விரித்துப் புறப்பட்ட வாசா, ஒன்றேகால் கிலோமீற்றர் அளவே ஓடி, காற்று ஒன்று அடிக்கவும் சாய்ந்து, சனங்கள் பார்த்திருக்க மூழ்கிற்று. அறியாமல் நேர்ந்த பிழை ஒன்று. அறிந்தும் பாய் விரிப்பது வேறொன்று.

பழுது பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. நம்மூர்ப் பெயரைத் தாங்கிய 'எச்.எம்.எஸ். திரிங்கோமலி' என்ற கப்பலைப் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டி 1817 இல் நீரில் இறக்கினார்கள். அது இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. இருநூறு வருடத்தில் அதற்குப் பார்த்த பழுதுகளுக்குக் கணக்கில்லை. மரத்தோணி இருந்த காலத்தில் நம் கடற்கரைகளிலும் வருடந்தோறும் தோணியைக் கரைக்கு ஏற்றிக் கலப்பற்றுப் பார்ப்பார்கள். பலகை இடுக்குகளில் நார் செருகி எண்ணெயும் குங்கிலியமும் பூசுவார்கள். ஓடித் தேய்ந்ததற்குப் பார்க்கும் பழுது அது. இடுக்கை அடைக்காமலே தோணியை விற்றுவிட்டு, "கடலில் இறக்குங்கள், நார் பின்னால் வரும்" என்று சொன்ன ஓடாவியை நான் கேள்விப்பட்டதில்லை.

சைபர்பங்க் மூழ்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொம்பனி விடாமல் திருத்திற்று. ஒரே திருத்தத்தில் ஐந்நூறு அளவான பிழைகளை நீக்கியதும் உண்டு. 2023 செப்டெம்பரில் வந்த 2.0 என்ற திருத்தத்துக்குப் பிறகு, ஏசியவர்களே புகழ்ந்தார்கள். இன்று அது நல்ல விளையாட்டு என்றே பேர் பெற்றிருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு சிறு குழு 2016 இல் வெளியிட்ட 'நோ மான்ஸ் ஸ்கை' என்பதும் அவ்வாறே. சொன்னவற்றுள் பல இல்லையென்று ஏச்சு வாங்கிற்று. பல வருடம் இலவசமாகவே சேர்த்துச் சேர்த்துக் கொடுத்து மானத்தை மீட்டது. இக்கதைகளைச் சொல்லி, "பார்த்தீர்களா, எல்லாம் நன்றாகத்தானே முடிந்தது" என்பாருண்டு.

யாருக்கு நன்றாக முடிந்தது என்று கேட்பதற்கு ஒரு விவரம் இருக்கிறது. சைபர்பங்கின் அந்தப் பெரிய 2.0 திருத்தம் கணினிக்கும் புதுப் பெட்டிகளுக்கும் மட்டுமே வந்தது. பழைய பெட்டிகளுக்குரிய திருத்தங்கள் அதற்கு முந்திய வருடத்திலேயே ஏறக்குறைய நின்றுவிட்டன. அதாவது, 2020 இல் முதல் நாளே முழு விலை கொடுத்துப் பழைய பெட்டியில் அவதிப்பட்டவன், வேறொரு பெட்டி வாங்கினாலன்றி முடித்த விளையாட்டைக் காணவே முடியாது. பொறுத்திருந்து பின்னால் வாங்கியவன் குறைந்த விலையில் நிறைந்த சாமானைப் பெற்றான். முந்தி நம்பியவனுக்கே நட்டம். இப்படி ஒரு கணக்கை நான் வகுப்பில் போட்டுக் காட்டினால், "சேர், விடை பிழை" என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

கணக்கு என்றதும் என் சொந்தக் கணக்கு ஒன்றையும் இங்கே தீர்க்க வேண்டியிருக்கிறது. தங்கையின் கேள்விக்கு நான் சொன்ன மறுமொழி என்னை உறுத்தியதற்குக் காரணம், அதே மறுமொழியை நான் முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிது. உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு மாலை வேளையில் கணிதம் சொல்லிக் கொடுத்து, குறிப்புகளை எழுதி நிழற்பிரதி எடுத்துக் கொடுப்பது வழக்கம். ஒருநாள் வகுப்புத் தொடங்க அரைமணி இருக்கையில், எடுத்து வைத்த பிரதிகளில் பிழை கண்டேன். ஒரு சூத்திரத்தில் சயக் குறி வரவேண்டிய இடத்தில் சகக் குறி விழுந்திருந்தது. நாற்பது பிரதிகள். பேனையால் திருத்தியிருந்தால் பத்து நிமிடம் போதும். நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வகுப்பில் சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்று அப்படியே கொடுத்துவிட்டேன். அடுத்த வகுப்பில் சொல்லவும் சொன்னேன், எல்லோரும் திருத்திக்கொண்டார்கள்.

எல்லோரும் என்றால் வந்தவர்கள் எல்லோரும். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படுமுன் அக்கரைப் பிள்ளைகள் 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வர வேண்டும். அன்று பாதை ஓடவில்லை. அக்கரையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் அந்த வகுப்புக்கு வரவில்லை. பிழையான குறிப்பைப் பத்திரமாக வைத்து மனனம் செய்திருக்கிறான். பரீட்சை முடிந்ததும் வினாத்தாளைக் கொண்டுவந்து, தான் செய்த முறையை என்னிடம் காட்டினான். எந்தத் தாளைப் பார்த்துப் படித்தான் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சகக் குறி அங்கே இருந்தது.

திருத்தம் கொடுத்தேன் என்று நான் சொல்லலாம், அது மெய்தான். பாதை ஓடும் நாளில் வரக்கூடியவனுக்குக் கொடுத்தேன். விளையாட்டுக் கொம்பனிகளும் அப்படியே கொடுக்கின்றன. வார்சோவிலும் கலிபோர்னியாவிலும் 42 ஜிபி என்பது இரவுச் சாப்பாடு முடியுமுன் இறங்கிவிடும் ஒரு சிறு சங்கதி. அவர்கள் அலுவலகத்தில் யாரும் டேட்டாக் கார்ட் சுரண்டுவதில்லை. 2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு அறிவித்தார்களே, அப்படியொரு நாளில் திருத்தத்தை எப்படி இறக்குவது என்று அவர்களுடைய கூட்டங்களில் யாரும் எழுந்து கேட்டிருக்க மாட்டார்கள். முடிக்காத வேலையின் மிச்சத்தை வாங்கியவன் தலையில் வைக்கும்போது, அந்தச் சுமை எல்லாத் தலைக்கும் ஒரே பாரமாக இருப்பதில்லை.

இன்னொன்று. என் தகப்பனாரின் புத்தகத்தில் திருத்தம் புத்தகத்துக்குள் இருந்தது என்றேன். தட்டின் திருத்தமோ கொம்பனியின் வீட்டில், 'சேர்வர்' எனப்படும் அவர்களது கணினியில் இருக்கிறது. அவர்கள் அதை மூடினால் நம் அலுமாரியில் மிஞ்சுவது பிழையுள்ள முதற்பிரதி மட்டுமே. சில விளையாட்டுகளில் அதுவும் மிஞ்சுவதில்லை. யூபிசொஃப்ட் என்னும் பிரெஞ்சுக் கொம்பனி 2014 இல் 'த குரூ' என்றொரு பந்தய விளையாட்டை வெளியிட்டது (எங்கள் வீட்டுத் தட்டு அதுவன்று). சேர்வரோடு எப்போதும் தொடர்பு இருந்தாலன்றி ஓடாதபடி அதைச் செய்திருந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சேர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கிய தட்டு மறுநாள் வெறும் வட்டத் தகடாயிற்று. இதைக் கண்டு கொதித்த ரோஸ் ஸ்கொட் என்ற அமெரிக்கர் 'விளையாட்டுகளைக் கொல்லாதீர்' என்ற கருத்தில் ஓர் இயக்கம் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் 2025 நடுப்பகுதிக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். கலிபோர்னியா மாநிலம் 2024 இல் ஒரு சட்டம் நிறைவேற்றிற்று: இணையத்தில் விற்கும் விளையாட்டு, படம், புத்தகம் முதலியவற்றை, விற்றவர் பின்னர் பறிக்கக்கூடுமாயின், 'வாங்குங்கள்' என்று வெறுமனே போடக் கூடாது, கொடுப்பது அனுமதி மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தங்கையின் கேள்வியை அங்கேயும் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

இனி, அந்தப் பெட்டியின் கதை. என் வீட்டில் கம்பி வழி இணையம் உண்டு. மூன்றாம் நாள் பொழுதுபட, பையன் பெட்டியைப் பழைய சேலையொன்றில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தகப்பனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். இறக்குவதற்கு இட்டோம். கச்சான் காற்று மும்முரமாக வீசிய நாட்கள் அவை. எங்கோ மரக்கிளை கம்பியில் விழ, நடுச்சாமத்தில் மின்சாரம் போயிற்று. விடிய வந்தது. பார்த்தால் பெட்டி இறக்கியதில் ஒரு பகுதி பழுதென்று சொல்லி மறுபடி தொடங்கியிருக்கிறது. மறுநாள் இரவும் மின்சாரம் இரண்டு முறை போயிற்று. "எங்கட வீடென்ன, சரக்கு இறக்குற துறையா?" என்று என் மனைவி கேட்டாள், ஆனாலும் காலையில் எழுந்ததும் எத்தனை விழுக்காடு ஆயிற்றென்று முதலில் பார்ப்பவள் அவளே.

இடையில் சித்தப்பா குடும்பம் கதிர்காமம், நல்லூர் என்று யாத்திரை போய்விட்டது. பெட்டியும் என் வீட்டிலேயே கிடந்தது. அவர்கள் திரும்பி வந்து இரண்டு நாள் நின்றார்கள். அந்த இரண்டு நாளும் விருந்தாளிகளும் சாமான் கட்டுவதுமாகக் கழிந்தன. இறக்கம் முடிந்தபோது 'வான்' கட்டுநாயக்காவுக்குப் புறப்பட்டு ஆறு மணிநேரம் ஆகியிருந்தது.

பையன் இப்போது நன்றாகவே ஓட்டுகிறான் என்று கேள்வி. தனியாகத்தான் ஓட்டுகிறான். சித்தப்பா ரொறன்ரோவில் அதே தட்டை வாங்கியிருக்கிறாராம். இணையத்தின் வழியே இருவரும் சேர்ந்து ஓட வேண்டுமானால் இரண்டு பெட்டியிலும் ஒரே திருத்தம் இருக்க வேண்டுமாம். அங்கே புதுத் திருத்தம் வந்த அன்றே தானாக ஏறிவிடுகிறது.

சென்ற சனிக்கிழமை பெட்டி மறுபடியும் சேலையில் சுற்றி வந்தது. இம்முறை 9 ஜிபி. சாய்மனைக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு முக்காலியை மனைவி ஒதுக்கி வைத்திருக்கிறாள். பையன் கம்பியைச் செருகி, திரையைப் பார்த்து, எண் நகரத் தொடங்கிய பின் செருப்பை மாட்டினான்.

"மாமா, கரண்ட் போனா எனக்கு ஒரு கோல் எடுங்கோ. சித்தப்பா அங்க முழிச்சிருப்பார், சொல்ல வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.